டிஜிட்டல் ஆம்பில் ஒற்றைச் சுரம் மெலிந்து ஒலிக்கிறதா? எந்த நாப்பை எப்போது தொடுவது

எலெக்ட்ரிக் கிடாரில் கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து) அடித்தால் அறை நிறைகிறது. அதே செட்டிங்கில் ஒரு பாட்டின் மெலடியை ஒவ்வொரு சுரமாக வாசித்தால், காதருகே கொசு பறப்பது போல மெலிந்து கரகரவென்று வருகிறது. டிஜிட்டல் ஆம்ப் புதிதாக வாங்கிய பலருக்கும் இதே புகார்தான். யாரைக் கேட்டாலும் "இந்த பிரீசெட்டை இறக்கிப் போடு" என்பார்கள். பிரீசெட் என்றால் முன்கூட்டியே அமைத்துச் சேமித்த ஒலி. அந்த வேட்டையில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நாப்களை, அதாவது ஆம்பில் திருகும் குமிழ்களை, எந்த வரிசையில் தொடுவது என்று பிடிபட்ட பிறகுதான் வேலை நடந்தது. அந்த வரிசைதான் கீழே.

ஒரே ஒரு காரணத்தை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கார்ட் அடிக்கும்போது ஐந்தாறு கம்பிகள் சேர்ந்து கீழிருந்து மேல்வரை எல்லா அலைவரிசையையும் நிரப்பிவிடும். ஒற்றைச் சுரத்துக்கு அந்தத் துணை கிடையாது. முதல் கம்பியைத் திறந்து மீட்டினால் சுமார் 330 ஹெர்ட்ஸ், 12-வது ஃப்ரெட்டில் 659 ஹெர்ட்ஸ். மெலடி வாசிக்கும் சுரங்கள் பெரும்பாலும் 200-க்கும் 1,000-க்கும் நடுவில்தான் புழங்கும். அதாவது கீழ் ஒலியான பேஸுக்கும் மேல் ஒலியான டிரெபிளுக்கும் நடுவில் உள்ள மிட் பகுதியில். ஆம்புடன் வரும் பிரீசெட்களில் பல, பேஸையும் டிரெபிளையும் ஏற்றி மிட்டைக் குழிதோண்டி வைத்திருப்பவை. கடையில் நின்று கார்ட் அடித்துப் பார்க்கிறவருக்கு அது பிரமாதமாக இருக்கும். லீட் வாசிக்க உட்கார்ந்தால் உடம்பே இருக்காது.

உதாரணங்களுக்கு பாஸ் கட்டானா 50 மார்க் 2-வை எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் ஃபெண்டர் மஸ்டாங், ஸ்பார்க், யமஹா டிஎச்ஆர் எது இருந்தாலும் பெயர்கள்தான் மாறும், வரிசை மாறாது. நாப் இருக்கும் இடத்தைக் கடிகார முள் கணக்கில் சொல்கிறேன்: 7 மணி என்றால் முழுக்கக் குறைத்தது, 12 மணி என்றால் நடு, 5 மணி என்றால் முழுக்கத் திறந்தது.

0. முதலில் தயார் செய்ய வேண்டியவை

நேரம்: ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். ஒரேயடியாக உட்காராதீர்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். காது களைத்துவிட்டால் டிரெபிள் குறைவது போலத் தோன்றும், நீங்கள் ஏற்றிக்கொண்டே போவீர்கள், மறுநாள் காலையில் கேட்டால் காது கிழியும்.

செலவு: புதிய கம்பி செட் ஒன்று, சில நூறு ரூபாய். தடிமனான பிக் இரண்டு, ஒன்று 50 ரூபாய் வாக்கில் கிடைக்கும். ஆம்பைக் கணினியோடு இணைக்க யூஎஸ்பி கேபிள் ஒன்று. கட்டானா மார்க் 2-வில் பிரிண்டருக்குப் போடும் சதுர முனைக் கேபிள்தான் பொருந்தும். வீட்டில் பழைய பிரிண்டர் இருந்தால் அதையே உருவிக்கொள்ளலாம். இதற்கு மேல் எந்தப் பெடலும் இப்போது வாங்காதீர்கள்.

காகிதம்: வாங்கிய பில்லையும் ஆம்பின் பின்புறம் இருக்கும் சீரியல் எண்ணையும் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குக் கொண்டுபோனால் முதலில் கேட்பது அதைத்தான். கையேட்டின் பிடிஎஃப்பை நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். பெட்டியில் வரும் ஒற்றைத் தாளில் பாதி விஷயம் இருக்காது.

1. கிடாரும் கையும்

இதைத் தாண்டிப் போக எல்லோருக்கும் ஆசை. தாண்டாதீர்கள். பழைய கம்பியின் செத்த ஒலியை எந்த ஈக்யூவாலும் (பேஸ், மிட், டிரெபிளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) உயிர்ப்பிக்க முடியாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் என்றால் கம்பி இன்னும் சீக்கிரம் துருவேறும். விரலை ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

அடுத்து பிக்கப் உயரம். கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் காந்தப் பகுதிதான் பிக்கப். ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும், காசு செலவில்லாத வேலை. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்தத் தலைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளக்க வேண்டும். ஸ்ட்ராட் வகைக் கிடாரில் தடித்த கம்பிப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். சத்தம் அதிகம் வரட்டும் என்று பிக்கப்பை மேலே தூக்கி வைத்தால், காந்தம் கம்பியை இழுக்கும். சுரம் நீடிக்காது, மேல் ஃப்ரெட்களில் சுருதியும் அலையும். கடையிலிருந்து வரும் விலை குறைந்த கிடார்கள் பலவற்றில் இந்த உயரத்தை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

பிக்: மெல்லிய பிக் ஸ்ட்ரம்மிங்குக்கு நல்லது. ஒற்றைச் சுரத்துக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளதை எடுங்கள். அடி விழும்போது வரும் "டிக்" சத்தம் குறைந்து சுரம் உருண்டு வரும். பிரிட்ஜை ஒட்டி மீட்டாமல் ஒரு இரண்டு விரற்கடை கழுத்துப் பக்கம் தள்ளி மீட்டிப் பாருங்கள். இந்த ஒரு மாற்றம் டிரெபிள் நாப்பைக் கணிசமாகத் திருப்பியதற்குச் சமம்.

கிடாரில் உள்ள டோன் நாப்பைப் பலர் வாங்கிய நாள் முதல் தொட்டிருக்கவே மாட்டார்கள். பிரிட்ஜ் பிக்கப்பில் வாசிப்பவர்கள் அதை 10-லிருந்து 7-க்கு இறக்குங்கள் (இது கடிகாரக் கணக்கு இல்லை, நாப்பின் மேல் உள்ள எண்). கழுத்துப் பிக்கப் என்றால் 10-லேயே இருக்கட்டும்.

2. எல்லா எஃபெக்டையும் அணையுங்கள்

ரிவர்ப் (அறை முழக்கம்), டிலே (எதிரொலி), கோரஸ், பூஸ்டர் (சிக்னலைத் தூக்குவது), நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது) எல்லாமே அணைந்திருக்க வேண்டும். மூன்று ஈக்யூ நாப்களும் 12 மணியில்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கட்டானாவில் பேனல் என்றொரு பட்டன் உண்டு. அது எரிந்தால்தான் நாப் நிற்கும் இடமும் ஒலியும் ஒன்றாக இருக்கும். சேனல் பட்டனை அழுத்தி சேமித்த ஒலியை எடுத்தால், நாப் 9 மணியில் நின்றாலும் உள்ளே இருப்பது 3 மணி மதிப்பாக இருக்கலாம். நாப்பைத் தொட்ட கணம் ஒலி திடீரென்று குதிக்கும். "ஆம்ப் கெட்டுப்போச்சு" என்று பயப்பட வேண்டாம். நினைவகம் உள்ள டிஜிட்டல் ஆம்ப்கள் பலவற்றிலும் இதே கதைதான். ஒலி தேடும் வேலையைப் பேனல் நிலையில்தான் தொடங்க வேண்டும்.

3. எந்த அளவு சத்தத்தில் வாசிக்கப் போகிறீர்கள்?

டோனைத் தொடும் முன் இதை முடிவு செய்யுங்கள். குறைந்த சத்தத்தில் நம் காது பேஸையும் உச்ச டிரெபிளையும் குறைவாகவே கேட்கும். அதனால் இரவு பத்து மணிக்கு மெதுவாக வைத்துக்கொண்டு செய்த செட்டிங்கில் அவை இரண்டும் தேவைக்கு மேல் ஏறியிருக்கும். அதையே ஹாலில் சத்தமாக வைத்தால் கீழே கும்மென்றும் மேலே கூர்மையாகவும் அடிக்கும், நடுவில் மெலடி காணாமல் போகும்.

கட்டானா 50-ல் 0.5, 25, 50 வாட் என்று மூன்று நிலை இருக்கிறது. வீட்டுக்கு 0.5 போதும். ரிகர்சலுக்கு என்றால் அங்கே எந்த நிலையில் வைப்பீர்களோ அதே நிலையில் செட் செய்யுங்கள். இரண்டுக்கும் தனித்தனியாகச் சேமிப்பதுதான் சரி.

ஹெட்ஃபோனில் வாசிப்பவர்களுக்கு: ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். மீட்டியதற்கும் கேட்பதற்கும் இடையே தாமதம் தெரியும், கை தடுமாறும். ஸ்பார்க் போன்ற ஆம்ப்களில் உள்ள ப்ளூடூத், மொபைலிலிருந்து பாட்டை ஓடவிடுவதற்காக. வயர் ஹெட்ஃபோன்தான் வழி.

4. ஆம்ப் வகையும் கெய்னும்

கட்டானாவில் அக்கூஸ்டிக், கிளீன், கிரஞ்ச், லீட், பிரவுன் என ஐந்து வகை. லீட் வாசிக்க லீட் வகை என்று பெயரைப் பார்த்துத் தாவாதீர்கள். கிரஞ்சிலிருந்து தொடங்குங்கள், கெய்ன் (ஒலியைக் கரகரக்க வைக்கும் நாப்) 10 மணி.

இப்போது ஒரு சின்ன சொற்றொடரைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாம் கம்பி 7-வது ஃப்ரெட்டில் தொடங்கி, இரண்டாம் கம்பி 8-வது ஃப்ரெட்டில் ஒரு பெண்ட் (கம்பியை இழுத்துச் சுரத்தை உயர்த்துவது), கடைசியில் முதல் கம்பி 12-வது ஃப்ரெட்டில் நீண்ட சுரம். எட்டு விநாடிக்குள் முடிவது போல இருக்கட்டும். இந்தக் கட்டுரை முடியும்வரை அதை மட்டும்தான் வாசிக்க வேண்டும். நாப்புக்கு நாப் வேறு வேறு பாட்டு வாசித்தால் ஒப்பிட முடியாது.

மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் லேசாகக் கரகரத்தும் வரும்வரை கெய்னை ஏற்றுங்கள். பெரும்பாலும் 11-க்கும் 1-க்கும் இடையில் எங்கேயாவது அந்த இடம் வரும். ஒற்றைச் சுரம் கார்டைவிட அதிக கெய்னைத் தாங்கும் என்பது உண்மைதான். பல சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும் சிக்கல் அதில் இல்லை. ஆனால் அதற்காக 4 மணிவரை போனால், மெதுவான அடியும் பலமான அடியும் ஒரே உயரத்தில் தட்டையாகிவிடும். கமகம் போட்டு வாசிப்பவர்களுக்கு இது பெரிய நஷ்டம். இழுப்பின் ஏற்ற இறக்கமே தெரியாது.

சுரம் நீடிக்கவில்லை என்பதற்காகக் கெய்னை ஏற்றாதீர்கள். அந்தக் குறை அடுத்த படியிலும் 7-வது படியிலும் பாதி தீரும்.

5. மிட், மிட், மறுபடியும் மிட்

மொத்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பேஸை 10 மணிக்கு இறக்குங்கள். டிரெபிள் 11 மணி. மிட்டை 2 மணிக்கு ஏற்றுங்கள்.

தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும். உடனே கீழே இறக்கிவிடாதீர்கள். மொபைலில் ஒரு டிரம்ஸ்-பேஸ் டிராக்கை ஓடவிட்டு அதன் மேல் வாசியுங்கள். அடைத்த மாதிரி இருந்தது இப்போது குரல் போல முன்னால் வந்து நிற்கும்.

நாப்களோடு நின்றுவிடாமல் மென்பொருளில் உள்ள பாராமெட்ரிக் ஈக்யூவையும் (எந்த அலைவரிசை என்று நாமே தேர்ந்து கூட்டிக் குறைப்பது) பயன்படுத்துங்கள். கட்டானாவுக்கு பாஸ் டோன் ஸ்டூடியோ இலவசமாகக் கிடைக்கும். முதலில் யூஎஸ்பி டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். அதைச் செய்யாமல் கேபிளைச் செருகினால் மென்பொருள் ஆம்பைக் கண்டுகொள்ளாது. இந்த இடத்தில் ஒரு மணி நேரம் விரயமாவது சகஜம்.

தேடும் முறை இது. மிட் பட்டையின் கெயினை 6 டெசிபல் ஏற்றுங்கள், பட்டையின் அகலத்தைத் தீர்மானிக்கும் க்யூவை 1 அல்லது 2-ல் வையுங்கள். அலைவரிசையை 500-லிருந்து 2,000 வரை மெல்ல நகர்த்திக்கொண்டே உங்கள் சொற்றொடரை வாசியுங்கள். 500 பக்கம் மரப்பெட்டி மாதிரி கனமாக இருக்கும், 800-ஐ ஒட்டிப் பாடுவது போல வரும், 1,500-க்கு மேல் குரைக்க ஆரம்பிக்கும். எந்த இடத்தில் சுரம் பிடித்ததோ அங்கே நிறுத்தி, 6-ஐ 3 டெசிபலாகக் குறைத்துவிடுங்கள். பிறகு அதே ஆட்டத்தை 2,500 முதல் 4,000 வரை ஆடுங்கள். காதில் ஊசி குத்தும் இடம் ஒன்று தட்டுப்படும், அதை 3 டெசிபல் குறைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சத்தம் கூடினால் எதுவுமே நன்றாக இருப்பது போலத்தான் கேட்கும். ஈக்யூவை ஏற்றிய பிறகு ஈக்யூவின் லெவலைக் குறைத்து, போட்டாலும் அணைத்தாலும் ஒரே சத்தம் வரும்படி செய்துவிட்டுத்தான் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த முடிவுகளை நம்பாதீர்கள்.

6. மேலே இருக்கும் கரகரப்பை வெட்டுவது

வழக்கமான 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் வெளியிடாது. ஹெட்ஃபோனும் மானிட்டர் ஸ்பீக்கரும் அப்படியில்லை, எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பீக்கரில் நன்றாக இருந்தது ஹெட்ஃபோனில் தேனீக்கூடாக இரைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஈக்யூவில் ஹை கட்டை (அதற்கு மேல் உள்ளதை வெட்டுவது) 6,000-ல் வையுங்கள். போதவில்லை என்றால் 5,000. லோ கட்டை (அதற்குக் கீழ் உள்ளதை வெட்டுவது) 100-ல் வையுங்கள். ஆறாம் கம்பி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ்தான், ஆனால் மெலடிக்கு அது தேவைப்படாது, கும் என்ற அடி ஒலி விலகும். உச்ச ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பிரசன்ஸ் நாப் இருந்தால் 10 மணி. ஆம்ப் அல்லது செயலியில் கேபினட் சிமுலேஷன் (கிடார் ஸ்பீக்கரின் ஒலியைப் போலி செய்வது) என்ற வசதி இருந்தால், ஹெட்ஃபோனிலும் ரெக்கார்டிங்கிலும் அது செயல்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் கைகொடுக்காது.

7. பூஸ்டர், தேவைப்பட்டால் கம்ப்ரசர்

டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலின் வகை பூஸ்டரை எடுத்து, டிரைவை ஏறக்குறைய பூஜ்யத்தில் வைத்து, டோன் 12 மணி, லெவலை 2 மணிக்கு ஏற்றி ஆம்புக்கு முன்னால் போடுங்கள். அந்த வகைப் பெடலின் சுற்றே 720 ஹெர்ட்ஸை ஒட்டிய மிட்டைத் தூக்கிக் கீழ்ப் பகுதியைக் குறைப்பது போல அமைந்தது. அதனால் ஆம்புக்குள் நுழையும் சிக்னலே மெலடிக்கு ஏற்றதாகிவிடும். பூஸ்டர் போட்ட பிறகு ஆம்பின் கெய்னைக் கடிகார முள் கணக்கில் ஒரு மணி அளவு இறக்குங்கள். சுரம் நீடிப்பதும் இங்கேதான் வரும்.

கிளீனில் மெலடி வாசிப்பவர்களுக்கு மட்டும் கம்ப்ரசர் (பலத்த ஒலியை அமுக்கிச் சத்தத்தைச் சமப்படுத்துவது) சொல்வேன். ரேஷியோ (எவ்வளவு அமுக்குவது) 3:1 அல்லது 4:1, அட்டாக் (எவ்வளவு சீக்கிரம் அமுக்கத் தொடங்குவது) 20 மில்லிசெகண்டுக்குக் குறையாமல். அட்டாக் மிக வேகமாக இருந்தால் பிக் விழும் முதல் தட்டே அமுங்கி, சுரம் உயிரில்லாமல் தொடங்கும். கெய்ன் அதிகமுள்ள டோனில் கம்ப்ரசர் வேண்டாம், டிஸ்டார்ஷனே அந்த வேலையைச் செய்துவிடும்.

8. இரைச்சல்

நாய்ஸ் கேட்டைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காரணத்தைத் தேடுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் (ஒற்றைச் சுருள் உள்ளது, ஸ்ட்ராட் வகையில் இருப்பது) நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மையும் அதன் மடங்குகளையும் இழுத்துக்கொள்ளும். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் போட்ட விளக்கு, லேப்டாப் சார்ஜர் மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலே சில வீடுகளில் "ஜ்ஜ்" என்ற சத்தம் அடங்கும். எர்த் இல்லாத இரண்டு முள் அடாப்டரில் ஆம்பைச் செருகவே செருகாதீர்கள். அது இரைச்சல் பிரச்சினை மட்டும் இல்லை, ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு.

இதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால், கம்பிகளைக் கையால் மூடிக்கொண்டு, இரைச்சல் அடங்கும் இடம்வரை மட்டும் நாய்ஸ் கேட்டின் திரெஷோல்டை (எந்தச் சத்தத்துக்குக் கீழே அடைப்பது என்ற எல்லை) ஏற்றுங்கள். பிறகு 12-வது ஃப்ரெட் சுரத்தை மீட்டி அது தானாகத் தேயும்வரை காத்திருங்கள். வால் கத்தரித்தது போல நின்றால் திரெஷோல்ட் அதிகம்.

9. டிலேயும் ரிவர்பும்

இதுவரை வந்த ஒலி, எஃபெக்ட் ஏதும் இல்லாமலே கேட்கும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் 5-வது படிக்குத் திரும்புங்கள். ரிவர்பால் மூடி மறைத்தால் மேடையில் வெளுத்துவிடும்.

டிலே நேரத்துக்குக் கணக்கு எளிது: 60,000-ஐப் பாட்டின் டெம்போவால் வகுத்தால் ஒரு தாளத் தட்டுக்கான மில்லிசெகண்ட் கிடைக்கும். 100 டெம்போ என்றால் 600, அதில் முக்கால் பங்கு 450. மெலடிக்கு இந்த முக்கால் பங்கு அழகாக உட்காரும். இரண்டு மூன்று எதிரொலி போதும், மிக்ஸ் 15-லிருந்து 20 சதவீதம். சுரத்தைத் தடிமனாக்க மட்டும் வேண்டுமென்றால் 100 மில்லிசெகண்டில் ஒரே ஒரு எதிரொலி வைத்தால் நடக்கும்.

கர்நாடக பாணியில் இழுத்து வாசிப்பவர்கள் நீண்ட டிலேயைத் தவிர்ப்பது நல்லது. சுரம் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு நகர்ந்த பிறகும் பழைய இடம் எதிரொலித்துக்கொண்டிருக்கும், சுருதி கலங்கினது போலவே கேட்கும். அவர்களுக்கு ரிவர்ப் மட்டும் போதும், அதுவும் ஒன்றரை விநாடிக்குள்.

10. பதிவு செய்து கேட்பது, சேமிப்பது

ஆம்புக்கு முன்னால் ஆறடி தள்ளி, ஸ்பீக்கரின் உயரத்தில் மொபைலை வைத்துப் பதிவு செய்யுங்கள். நாம் நின்றுகொண்டு வாசிக்கும்போது ஆம்ப் முழங்காலுக்குத்தான் ஒலிக்கிறது. காதுக்கு டிரெபிள் குறைவாக வரும், ஆகவே ஏற்றுவோம், எதிரில் உட்கார்ந்திருப்பவர் பாவம். ஆம்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றி வைத்தாலும் சரி.

சேமிக்க, சேனல் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். லேசாகத் தட்டினால் பழைய ஒலி ஏறி, இவ்வளவு நேரம் செய்தது போய்விடும். கட்டானா 50 மார்க் 2-வில் ஏ, பி என இரண்டு பேங்க், ஒவ்வொன்றிலும் இரண்டு சேனல், ஆக நான்கு இடம். "வீடு லீட்", "ரிகர்சல் லீட்", "கிளீன் மெலடி" என்று மூன்று போக, ஒன்றைச் சோதனைக்குக் காலியாக விடுங்கள்.

கணினியிலும் கோப்பாக ஒரு பிரதி எடுத்துவையுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் செய்யும் முன் இது கட்டாயம். அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போகக் கூடாது, அதனால் கரண்ட் கட் அறிவித்த நாளில் அந்த வேலையைத் தொடாதீர்கள். நாப் இடங்களை ஒரு தாளில் எழுதி ஆம்பின் பின்புறம் டேப் போட்டு ஒட்டுவது பழைய பாணிதான், ஆனால் மேடையில் லேப்டாப் திறக்க நேரம் இருக்காது.

அடுத்த முறை கம்பி மாற்றும்போது முதல் இரண்டு நாள் டிரெபிள் தூக்கலாக இருக்கும். ஈக்யூவைத் தொடாமல் கிடாரின் டோன் நாப்பை மட்டும் கொஞ்சம் இறக்கி வாசியுங்கள். கம்பி படிந்ததும் பழைய இடத்துக்குத் திருப்பிவிடலாம்.